வெள்ளவத்தைக்காரனும் ஊதுகிற பாறையும்

கடல் பார்ப்பதற்காகக் கொழும்புத் துறைமுகத்தடிக் கொட்டாஞ்சேனையை விட்டு இன்னோர் ஊருக்குப் புறப்பட்ட குடும்பம் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். என் வயதுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அந்த நாளில் எங்கள் பக்கத்தில் கடல் என்பது பார்க்கிற சாமானே அல்ல. அது மணக்கும். அதன் உப்பில் யன்னல் கம்பி துருவேறிக் கையில் ஒட்டும். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் எங்கள் கண்ணாடி அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுக்கும். ஆகவே, "ஓகஸ்ட் லீவுக்குத் திக்குவல்லைக்குப் போறம், கடல் காத்து உடம்புக்கு நல்லது" என்று அம்மா சொன்னபோது அண்ணா கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது.

"ஏன், எங்கட கடலுக்கு என்ன வருத்தம்?"

அப்பா பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

வருத்தம் கடலுக்கல்ல, சித்திக்கு என்று இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டிலிருந்துதான் வேலைக்குப் போவார். கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் டெலிபோன் போர்டில் வேலை. இப்போதுள்ளவர்களுக்கு அது விளங்காது. வருகிற கோல் எல்லாம் முதலில் சித்தியிடம் வரும். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, வயரை இழுத்து இழுத்துச் சரியான ஓட்டையில் குத்தி, அவர்தான் ஆளுக்கு ஆள் இணைத்து விடவேண்டும். "நான் கொழுவிவிட்டால்தான் துரைமார் கதைக்கலாம்" என்று பெருமையாகச் சொல்வார். அப்படிக் கலகலவென்று இருந்தவர் அந்த வருடம் மாறிப் போனார். கூப்பிட்டால் திரும்பமாட்டார். கேட்டதற்குத் தொடர்பில்லாமல் பதில் சொல்வார். சாப்பாட்டு மேசையில் நாங்கள் சிரித்து முடித்த பிறகு தானும் சிரிப்பார். பின்னேரங்களில் யன்னலடியில் போய் உட்கார்ந்துவிடுவார்.

திரைச்சீலைக்குப் பின்னால் நின்று நான் கேட்ட பேச்சு இது.

"அவளை வெள்ளவத்தையில கண்டதாம்," என்றார் அம்மா. "ஒஃபிஸ் நேரத்தில பஸ்ஸால இறங்கி, கடல் பக்கத்து ஒழுங்கைக்குள்ள போனவளாம். ஒருக்கா இல்லை, ரெண்டு மூண்டு தரம்."

"ஆரெண்டு விசாரிப்பமே?" என்றார் அப்பா.

"விசாரிச்சால் ஊர் முழுக்கத் தெரியும். முதல்ல அவளை இஞ்சையிருந்து கிளப்புவம். அக்கா வீட்டில கொஞ்ச நாள் கிடந்தால் எல்லாம் மறந்துபோம்."

அந்தக் கணத்திலிருந்து எனக்கு ஒரே ஆவல்தான். யார் அந்த வெள்ளவத்தைக்காரன்? நான் அவனுக்கு மீசை வைத்தேன், வெள்ளைக் காற்சட்டை போட்டுவிட்டேன், கையில் ஒரு குடையும் கொடுத்தேன். அப்பா வேலையோடு கொழும்பில் நின்றுகொண்டார். ரயிலில் போகும்போது சித்திக்குக் கடல் பக்கத்து யன்னலைக் கொடுக்காமல் அம்மா தானே உட்கார்ந்துகொண்டார். வெள்ளவத்தை ஸ்டேஷனை ரயில் நிற்காமல் கடந்தது. நான் எழும்பி நின்று எட்டிப் பார்த்தேன். மேடையில் ஒரு மனிதர் பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். குடை இல்லை. மீசை இருந்தது. சித்தியின் முகத்தைப் பார்த்தேன். அவர் கடலையே பார்த்துக்கொண்டு கடலைக் கொட்டையை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு துணிச்சலா என்று நினைத்தேன்.

மாத்தறையில் இறங்கிப் பஸ் எடுத்துத் திக்குவல்லைக்குப் போனோம். ஊர் சின்னது. ஒரு சந்தி, கொஞ்சக் கடைகள், தொழுகைக்குப் போகிற முஸ்லிம் ஆட்கள், பன்சலை என்கிற புத்த விகாரைக்கு வெள்ளை உடுத்துப் போகிற சிங்களப் பெண்கள், எல்லாருக்கும் பின்னால் அரைவட்டமாக ஒரு குடா. பெரியம்மாவின் வீடு குடாவைப் பார்த்தபடி இருந்தது. பெரியம்மா மூன்று சகோதரிகளில் மூத்தவர். அவர் சொன்னால் மற்ற இருவருக்கும் அது கட்டளை. பெரியப்பா பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்போத்திக்கரியாக இருந்தார். அந்நாளில் டொக்டர் இல்லாத இடங்களில் மருந்து கொடுக்கிறவர் அவர்தான். போன அன்றே சித்தியை நாற்காலியில் இருத்தி நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"ரத்தம் காணாது. மனசிலயும் ஏதோ பாரம் கிடக்கு," என்று முடிவு சொல்லிச் சிவப்பு நிறத்தில் ஒரு டொனிக் கொடுத்தார். அதன் இரும்பு வாசம் எனக்கு இப்போதும் மூக்கில் இருக்கிறது. சித்தி முகத்தைச் சுளிக்காமல் குடித்தார்.

அந்த விடுமுறையில் நான் கண்ட கடல் எங்கள் கடலின் உறவுக்காரன் மாதிரியே இல்லை. காலையில் தண்ணீர் வற்றும்போது முருகைக் கற்களுக்கிடையே குட்டைகள் மிஞ்சும். குனிந்து பார்த்தால் விரல் நீளத்தில் மஞ்சள் கோடு போட்ட மீன்கள், தொட்டவுடன் சுருங்கும் பூக்கள், கறுத்த வெள்ளரிக்காய் மாதிரி நகராமல் கிடக்கும் ஒன்று. அது உயிருள்ளதா இல்லையா என்று அண்ணாவும் நானும் ஒரு காலை முழுவதும் வாதாடினோம். குச்சியால் தொட்டபோது தண்ணீரைப் பீச்சியது. உயிருள்ளதுதான்.

பெரியம்மா எங்களைத் தனியே விடமாட்டார். சித்தியைத் தனியே விடவே மாட்டார். தூர இடங்களுக்குப் போக, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு முஸ்லிம்காரரின் கார் இருந்தது. பழைய மொரிஸ்; கதவைக் கயிற்றால் கட்டியிருக்கும். ஓட்டிக்கொண்டே பின்னால் திரும்பித் திரும்பிக் கதை சொல்லுவார். ஒருநாள் காரைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அம்மாவிடம் முறையிட்டார்.

"தங்கச்சி, உங்கட தங்கச்சி ரோட்டு நடுவால போறா. நான் பின்னால ஹோன் அடிக்கிறன், அடிக்கிறன், திரும்பியே பாக்கல்ல. கொழும்பு ஆக்களுக்கு இவ்வளவு பெருமை ஈக்கப்படாது."

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அன்று பின்னேரம் சித்திக்கு நல்ல ஏச்சு. சித்தி அம்மாவின் வாயையே உற்றுப் பார்த்தபடி நின்றார். "பாருங்கோக்கா, முறைச்சுக்கொண்டு நிக்கிறதை!" என்று பெரியம்மாவிடம் சொன்னார் அம்மா.

முல்கிரிகலவுக்குப் போனதும் அந்தக் காரில்தான். வயல்களுக்கு நடுவே திடீரென்று எழும்பி நிற்கும் ஒற்றைப் பாறை அது. குகைகளுக்குள் படுத்திருக்கும் புத்தர்கள், படிக்கட்டுகளில் எங்கள் கையையே பார்த்துக்கொண்டு வரும் குரங்குகள். உச்சிக்கு ஏறினால் தென்னந்தோப்புகளுக்கு அப்பால் கடல் ஒரு நூல் மாதிரித் தெரியும். பாதி வழியில் பாறை உள்வளைந்த ஓரிடத்தில் அண்ணா "ஹூ!" என்று கத்தினான். பாறை திருப்பிக் கத்தியது. நான் என் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பாறை அதைப் பாதி விழுங்கி மீதியைத் தந்தது. அப்போது சித்திக்கும் ஆசை வந்து, கையைக் குவித்துப் பெரிதாகக் கூவினார். பிறகு தலையைச் சரித்துக் காத்திருந்தார். பாறை கூவி முடித்து, அடங்கி, குரங்குகள் திரும்பவும் கீச்சிட ஆரம்பித்த பிறகும் அப்படியே நின்றார். பின் குனிந்து என்னிடம் மெல்லக் கேட்டார்.

"என்ர குரல் திரும்பி வந்ததோ?"

"வந்ததே. உங்களுக்குக் கேக்கேல்லையே?"

"கேட்டது, கேட்டது," என்று அவசரமாகச் சொல்லிப் படியேறினார்.

நான் அதை விட்டுவிடவில்லை. குட்டையில் கிடந்த அந்தக் கறுப்புப் பிராணியைக் குச்சியால் தொட்டுப் பார்த்த அதே ஆவல்தான், வேறொன்றுமில்லை. அடுத்த நாள் சித்தி முதுகைக் காட்டிக்கொண்டு பூக்கட்டும்போது பின்னால் நின்று பித்தளைச் செம்பைச் சீமெந்துத் தரையில் போட்டேன். சமையலறையிலிருந்து பெரியம்மா கத்தினார். சித்தி ஒரு மொட்டை எடுத்து நூலில் வைத்து முடிச்சுப் போட்டார். அண்ணாவிடம் போய்ச் சொன்னேன். "லவ் பண்ணுற ஆக்களுக்கு ஒண்டும் கேக்காதாம்" என்று எங்கேயோ படித்ததைச் சொன்னான். அம்மாவிடம் போனேன்.

"அம்மா, சித்திக்குக் காது கேக்கேல்ல."

"அவளுக்கு நல்லாக் கேக்கும்," என்றார் அம்மா, தேங்காய் துருவிக்கொண்டே. "கேக்க விருப்பமில்லாததுதான் கேக்காது."

அம்மாவை நான் குறை சொல்லவில்லை. காதில் கருவி மாட்டி ஊரையெல்லாம் கொழுவிவிடும் ஒருத்திக்கு, முப்பது வயதுகூட ஆகாத ஒருத்திக்கு, காது போகும் என்று யாருக்குத் தோன்றும்? அதைவிட ஒரு வெள்ளவத்தைக்காரன் இருப்பது நம்பச் சுலபமாக இருந்தது.

ஹும்மானய என்கிற ஊதுகிற பாறைக்குப் போனது விடுமுறையின் கடைசி வாரத்தில். உங்களில் பலரும் போயிருப்பீர்கள். இப்போது டிக்கட் இருக்கிறது, கம்பி வேலி இருக்கிறது, வழிநெடுகப் பொரித்த மீன் கடைகள் இருக்கின்றன. போன வருடம் மகளோடு போனபோது எல்லோரும் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அன்று வேலி கிடையாது. மீனவர் வீடுகளுக்கு நடுவால் ஏறி, கருவாடு காயும் பாய்களைத் தாண்டிப் போனால் வெறும் பாறை. அந்தப் பாறையில் ஒரு பிளவு. அடியில் எங்கேயோ கடல் உள்ளே புகுந்து, போக வழியில்லாமல், அந்தப் பிளவால் வானத்துக்கு எறிபடும். முதலில் சத்தம் வரும். பெரிய மிருகம் ஒன்று மூக்கால் மூச்சு விடுவது போல, நிலத்துக்கு அடியிலிருந்து "ஹூம்" என்று. அதைக் கேட்டவுடன் பின்னுக்கு ஓடவேண்டும். அடுத்த நொடியில் தென்னை உயரத்துக்கு வெள்ளைத் தண்ணீர்.

"உள்ளுக்கு ஒரு ஜின் ஈக்கிது," என்றார் நானா. "மூச்சு முட்டினா ஊதும்."

"காத்து அமுக்கம்," என்றார் பெரியப்பா.

எனக்கு இரண்டுமே பிடித்திருந்தன. ஜின் என்கிற பூதம் இருந்தால் ஏன் சில தரம் பெரிதாகவும் சில தரம் சின்னதாகவும் ஊதுகிறது? காற்று அமுக்கம் என்றால் ஏன் மூச்சு விடுகிற சத்தம்? நான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க, சித்தி முன்னால் போய்விட்டார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஈரப் பாறையில் வெறுங்காலோடு, பிளவுக்குக் கிட்டப் போய் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஹூம்" என்றது பாறை.

எல்லோரும் பின்னால் ஓடினோம். சித்தி நின்றார். அங்கே நின்ற மீனவர் ஒருவர் சிங்களத்தில் கத்தினார். நானா கத்தினார். சித்தி தலையை இன்னும் கொஞ்சம் நீட்டினார். அப்போதுதான் அம்மா ஓடினார். அம்மா ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வழுக்கி விழுந்து, முழங்காலில் எழும்பி, ஒரு செருப்பு கழன்று உருண்டு பிளவுக்குள் போக, சித்தியின் கையைப் பிடித்து இழுத்தார். இருவர் மீதும் தண்ணீர் கொட்டியது. ஒரு நிமிடம் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தெளிந்தபோது இருவரும் பாறையில் இருந்தார்கள். அம்மா சித்தியின் கன்னத்தில் அறைந்தார்.

"எடி விசரி! அவனுக்காகச் சாகப் போறியோ? அவனுக்காகவோடி?"

சித்தியின் தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது. அதை ஒதுக்கிவிட்டு அம்மாவின் உதடுகளைப் பார்த்தார். பிறகு அந்தப் பாறை முழுவதும் கேட்கும்படி உரத்துக் கேட்டார்.

"எவனுக்காக?"

"வெள்ளவத்தையில இருக்கிறவனுக்காக! எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ?"

சித்தி கொஞ்ச நேரம் விளங்காமல் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணால் தண்ணீர் வர வரச் சிரித்தார். கடல் தண்ணீரும் அதில் கலந்திருந்திருக்கும்.

"அக்கா, வெள்ளவத்தையில இருக்கிறது காது டொக்டர். அந்தாளுக்கு அறுபது வயசு. தலையில ஒரு மயிர் இல்லை." சிரிப்பு நின்றுவிட்டது. "எனக்குக் கேக்கேல்லையக்கா. போன வருசத்தில இருந்து குறைஞ்சு குறைஞ்சு போகுது. இடது காது முழுக்கப் போயிட்டுது. வலதும் போகுமாம்."

முதலில் பேசியது பெரியம்மா. கிட்ட வந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலை அடக்கிச் சொன்னார்.

"மெதுவாக் கதையடி. சனம் கேக்கப்போகுது. இது தெரிஞ்சால் ஆர் உன்னைக் கட்டுவினம்?"

"என்ன?" என்றார் சித்தி.

பெரியம்மா இன்னும் மெதுவாக அதையே சொன்னார்.

"என்ன? என்ன சொல்லுறீங்கள்?"

அண்ணாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். பிறகு நானாவுக்கும். கடைசியில் பெரியம்மாவைத் தவிர எல்லோரும் சிரித்தோம். அம்மா சிரித்துக்கொண்டே சித்தியைக் கட்டிப்பிடித்து அழுதார். அண்ணா மட்டும் அடுத்தடுத்த ஊதலுக்குக் காத்திருந்து, அம்மாவின் செருப்பு மேலே பறந்து வருகிறதா என்று பார்த்தான். வரவேயில்லை. ஜின் எடுத்துக்கொண்டதாக நானா சொன்னார். அம்மா ஒற்றைச் செருப்போடு காரில் ஏறினார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா டோர்ச்சை எடுத்துக்கொண்டு சித்தியின் காதுக்குள் பார்த்தார். "அத்தான், பழுது நல்ல உள்ளுக்க," என்றார் சித்தி. பெரியப்பா டோர்ச்சை அணைத்துவிட்டு, மேசையில் இருந்த டொனிக் போத்தலை எடுத்து உள்ளே வைத்தார். அவர் நல்ல மனிதர். நாக்குவரை பார்த்தவர், இன்னும் இரண்டு விரற்கடை தள்ளிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நான்தான் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபடி இருந்தேன். காது கேளாமல் எப்படி டெலிபோன் போர்டில் வேலை செய்தீர்கள்? வலது காதில் கருவியை அழுத்திப் பிடித்துக்கொள்வாராம். இன்ன துரை இன்ன நேரத்தில் இன்னாரைத்தான் கேட்பார் என்று மனப்பாடமாம். மிச்சத்தை ஊகிப்பாராம். "சில நாள் பிழைச்சுப்போகும். ஒருக்கா பெரிய துரையைச் சலவைக்காரரோட கொழுவிவிட்டிட்டன்." ஏன் யாரிடமும் சொல்லவில்லை? அதற்கு மட்டும் என் தலையைத் தடவினார். இப்போது யோசித்தால், சொன்னால் வேலையும் போகும், கலியாணமும் போகும், இரண்டும் போன ஒருத்தி அக்கா வீட்டில் என்னவாக இருப்பாள் என்று அவர் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். காதலித்தவள் என்ற பெயர்கூட அதைவிடப் பரவாயில்லை என்று நினைத்தாரோ என்னவோ. அந்தப் பெயர் தனக்கு இருந்ததே தெரியாது என்றுதான் கடைசிவரை சத்தியம் செய்தார்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கொழும்புக்குத் திரும்பியதும் சித்தி தானாகப் போய்ப் போர்டை விட்டு மாற்றித் தரும்படி கேட்டார். டைப் அடிக்கும் இடத்தில் போட்டார்கள். அந்த அறையின் இரைச்சலில் மற்றவர்களுக்குத் தலையிடித்தது, சித்திக்கு இல்லை. மார்பில் தொங்கும் பெட்டியும் வயருமாக ஒரு கருவி வாங்கினார். பெரியம்மா வந்தால் அதன் திருகை மெல்லத் திருப்பி அணைத்துவிடுவார், நான் கண்டிருக்கிறேன். கலியாணம் நடந்தது, கொஞ்சம் பிந்தி. மனைவியை இழந்த ஒரு ஆசிரியர். சத்தமாகப் பேசிப் பழகிய மனிதர். நன்றாகத்தான் இருந்தார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதற்கெல்லாம் முந்திய ஒரு காலையைப் பற்றி. கொழும்புக்குத் திரும்புவதற்கு முதல் நாள், திரும்பவும் அந்தப் பாறைக்குப் போகவேண்டும் என்று சித்தி கேட்டார். பெரியம்மா வேண்டாம் என்றார். அம்மா, முதல் தடவையாக, அக்காவின் பேச்சைக் கேட்கவில்லை. பெரியம்மாவின் செருப்பையே இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு எங்களை அழைத்துப் போனார்.

"அண்டைக்கு உங்களுக்கு என்ன கேட்டது?" என்று சித்தி வழியில் என்னிடம் கேட்டார். நான் மூக்கால் "ஹூம்" என்று செய்து காட்டினேன். அவர் என் தொண்டையில் விரலை வைத்து, "இன்னொருக்கா" என்றார். இன்னொருக்கா செய்தேன். நானா கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

பாறையில் சித்தி பிளவுக்குத் தள்ளி, காய்ந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் பாறையில் பதித்தார். அம்மா அவருடைய சேலைத் தலைப்பைத் தன் கையில் சுற்றிப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தார். எங்களுக்கு முன்னால் ஒரு சிங்களக் குடும்பம் நின்றது. தாயும் தகப்பனும், என் வயதில் இரண்டு பிள்ளைகளும். கடல் அமைதியாகக் கிடந்தது. ஒன்றுமே கேட்கவில்லை.

"வருகுது," என்றார் சித்தி.

நான் காதைத் தீட்டினேன். ஒன்றுமில்லை.

"வருகுது! தென் எனவா!" என்று முன்னால் நின்றவர்களைப் பார்த்துச் சிங்களத்திலும் உரத்துச் சொன்னார். அவர்கள் திரும்பினார்கள். தாய் ஏதோ உணர்ந்து பிள்ளைகளை இழுத்தாள். அப்புறம்தான் "ஹூம்" என்று பாறை மூச்சு விட்டது. அப்புறம் தண்ணீர் எழும்பி, அவர்கள் நின்ற இடத்தைக் கழுவிக்கொண்டு போனது.

அடுத்த தடவையும் சித்தி முந்திச் சொன்னார். அதற்கடுத்த தடவையும். கடல் உள்ளே புகுந்து முட்டும்போதே பாறை நடுங்குகிறது என்று என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார். எனக்கு எறும்பு ஊர்வது மாதிரி ஏதோ இருந்தது. இருந்ததாக நினைத்தேனோ தெரியாது.

அந்தச் சிங்களத் தாய் அம்மாவிடம் வந்து, சித்தியைக் காட்டி, இவருக்கு எப்படி முதலே தெரிகிறது என்று கேட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன். மூன்று நாட்களாகப் பெரியம்மா, யாரிடமும் மூச்சு விடக்கூடாது, கார்க்கார நானாவிடம் சத்தியம் வாங்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அம்மா சித்தியின் ஈரமில்லாத முதுகை ஒருமுறை தடவினார். பிறகு தன் உடைந்த சிங்களத்தில், குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்.

"எயாட்ட கன் எஹென்னே நே." அவளுக்குக் காது கேளாது.

அந்தப் பெண் "ஆ" என்றாள். சித்தியைப் பார்த்தாள். பிறகு தன் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்து, சித்திக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.